டிக்கெட் வாங்கிவிட்டால் வீரனைத் திட்டலாமா?

சேலம் கால்பந்து » பொதுப் பேச்சு

மூக்கனேரி | ஞாயிறு இரவு 9.40

இன்று சாயங்காலம் நம் ஊரில் நடந்த செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) அரையிறுதிக்குப் போயிருந்தேன். எந்தப் போட்டி, யார் நடத்தியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். வந்தவர்களுக்குத் தெரியும்.

ஏற்காட்டு மலையிலிருந்து வந்த அணியில் இடது ஓரத்தில் ஒரு பையன். இருபது வயது இருக்கலாம். பந்து அவன் காலை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது, அப்படி ஓர் ஆட்டம். அவன் ஓடுகிற பக்கம் முழுக்கக் கயிற்றை ஒட்டி ஒரு கூட்டம் நின்றது. முதல் விசிலிலிருந்தே அவனை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் வெறும் கிண்டல். அப்புறம் அவன் ஊர். அதற்கப்புறம் சாதி, கடைசியில் அம்மா. இடைவேளைக்குப் பிறகு அவன் இறங்கவில்லை. அடிபட்டுவிட்டது என்று மைக்கில் சொன்னார்கள். அடிபட்டதை நான் பார்க்கவில்லை.

பக்கத்தில் இருந்தவரிடம் இதெல்லாம் என்ன பேச்சு என்று கேட்டேன். "ஃபுட்பால்னா அப்படித்தாங்க. தாங்க முடியாதவன் எதுக்கு ஆட வரணும்?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. எனக்கும் சேர்த்து டீ சொன்னவர். நல்ல மனிதர்களே அப்படிச் சொல்வதால்தான் கேட்கிறேன்: ஆட்டம் பார்க்க வந்தவனுக்கு வீரனைத் திட்ட உரிமை இருக்கிறதா, இல்லையா?

ஜங்ஷன் கேலரி | ஞாயிறு இரவு 10.05

இருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கால்பந்து சத்தத்தில் வளர்ந்த ஆட்டம். எதிரணி பெனால்டி அடிக்கப் போகும்போது கேலரி கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? வந்தவர்கள் எல்லாரும் இரண்டு பக்கத்தையும் மாறி மாறி வாழ்த்திக்கொண்டிருந்தால் அது மேட்ச் இல்லை, கல்யாண ரிசப்ஷன்; போட்டோ எடுத்துவிட்டுப் பந்திக்குப் போக வேண்டியதுதான்.

சுனில் சேத்ரியே 2018-இல் என்ன சொன்னார்? எங்களைத் திட்டுங்கள், கத்துங்கள், ஆனால் ஸ்டேடியத்துக்கு வாருங்கள் என்றார். அப்போதைய இந்தியக் கேப்டனே அனுமதி கொடுத்தாயிற்று. உங்களுக்கும் எனக்கும் என்ன வந்தது?

சாதி, அம்மா விஷயம் வேறு. அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அதைச் சாக்காக வைத்து மொத்தக் கேலரியின் வாயையும் கட்டப் பார்க்காதீர்கள்.

சேலம் டூ சென்னை | ஞாயிறு இரவு 10.31

சேத்ரி சொன்னதைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள், அண்ணா.

2018 ஜூன் 1-ஆம் தேதி மும்பையில் சீன தைபே அணியை இந்தியா 5-0 என்று வென்றது. சேத்ரி மூன்று கோல். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள்தான் அந்த வீடியோ. ஐரோப்பிய கிளப்புகளின் ரசிகர்கள் நம் ஆட்டம் அந்தத் தரத்தில் இல்லை என்று இணையத்தில் உட்கார்ந்து ஏசுகிறார்களே, அவர்களைப் பார்த்துச் சொன்னது அது. வீட்டிலிருந்து திட்டுவதில் என்ன இருக்கிறது, நேரில் வந்து திட்டுங்கள், ஒருநாள் நீங்களே மனம் மாறி எங்களுக்காகக் கத்தினாலும் கத்துவீர்கள் என்பதுதான் அதன் போக்கு. காலியான நாற்காலிகளைப் பார்த்து மனம் நொந்தவர் கேட்டது. ஜூன் 4-ஆம் தேதி கென்யா ஆட்டம், அது அவருடைய நூறாவது சர்வதேச ஆட்டம், டிக்கெட் முழுக்க விற்றுத் தீர்ந்தது. வந்த கூட்டம் இந்திய அணிக்காகக் கத்தியது. 3-0, அதில் சேத்ரி இரண்டு.

நான் சென்னையின் எஃப்சி ஆட்டங்களுக்கு நேரு ஸ்டேடியம் போகிறவன். எங்கள் பக்கமும் கத்துவோம், நன்றாகவே கத்துவோம். அந்தச் சத்தத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்தெடுக்க முடியாது. காந்தி ஸ்டேடியத்திலோ ஒரு ஸ்கூல் கிரவுண்டிலோ கயிறு கட்டி நடத்தும் ஆட்டத்தை அதோடு ஒன்றாக வைத்துப் பேச முடியாது என்று நினைக்கிறேன்.

விசில் | ஞாயிறு இரவு 11.12

மாவட்ட அளவில் ரெஃப்ரியாக இருப்பவன். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பேச இருக்கிறது.

வீரனைத் திட்டினால் வீரன் தடுமாறுவான் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அதிகம் தடுமாறுவது நாங்கள். 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. லிவர்பூல் – லெஸ்டர் ஆட்டத்தின் வீடியோவை 40 நடுவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மீதிப் பேருக்குச் சத்தமே இல்லாமல். சத்தத்தோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராகச் சொன்ன ஃபவுல்கள் 15 சதவீதத்துக்கும் மேல் குறைவு. படிப்பு ஒன்றுதான், பார்த்த ஃபவுலும் ஒன்றுதான். கொரோனா காலத்தில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 2020 மே மாதம் ஜெர்மனியின் கால்பந்து லீகான பண்டஸ்லீகா ஆளில்லாத ஸ்டேடியங்களில் மறுபடி தொடங்கியது, மற்ற லீகுகளும் பின்னால் வந்தன. வெளியூர் அணிகளுக்கு வழக்கமாகக் கூடுதலாக விழும் மஞ்சள் அட்டைகள் அப்போது குறைந்துவிட்டன.

இன்னொன்று. ஆட்டவிதி 12-இன்படி ஒரு வீரன் இன்னொருவனை இழிவாகப் பேசினால் நேரடிச் சிவப்பு. கோச் பேசினாலும் சிவப்பு. கயிற்றுக்கு இரண்டடி தள்ளி நிற்கிறவன் அதே வார்த்தையை ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தால் அவனுக்கு என்ன? ஒன்றும் இல்லை. திரும்பி ஒரு வார்த்தை சொன்ன பையனை நான் வெளியே அனுப்ப வேண்டும். அனுப்பியும் இருக்கிறேன். அந்த அட்டையை எடுக்கும்போது கை கூசும்.

ஜங்ஷன் கேலரி | ஞாயிறு இரவு 11.20

அப்படியானால் கத்தினால் பலன் இருக்கிறது என்று நீங்களே நிரூபித்துவிட்டீர்கள் சார். நன்றி.

விசில் | ஞாயிறு இரவு 11.26

கத்துவதற்குப் பலன் இருக்கிறது. அந்தச் சோதனையில் போட்டது சும்மா கூட்டச் சத்தம், யாருடைய அம்மாவும் அதில் இல்லை.

வாழப்பாடி ஸ்விங் | திங்கள் காலை 7.02

இதற்குத்தான் கிரிக்கெட் பாருங்கள் என்கிறேன். 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தபோது மொத்த ஸ்டேடியமும் எழுந்து கைதட்டியது. தமிழ்நாட்டு ரசிகன் என்றால் அது.

சேலம் டூ சென்னை | திங்கள் காலை 7.45

2021 ஜனவரியில் சிட்னியில் பும்ராவையும் சிராஜையும் கேலரியிலிருந்து என்ன சொன்னார்கள்? ஆட்டத்தை நிறுத்தி ஆறு பேரை வெளியே அனுப்பினார்கள். அதுவும் கிரிக்கெட்தான் நண்பரே. ஆட்டத்தின் மேல் பழி போடாதீர்கள்.

மலைக்காத்து | திங்கள் காலை 11.18

மூக்கனேரி அண்ணன் எழுதிய அணியில் நானும் ஆடினேன். அந்தப் பையன் நான் இல்லை, நான் பேக், பின்னால் நின்று தடுக்கிறவன். அவன் என் சித்தப்பா மகன். அவன் இதையெல்லாம் எழுத மாட்டான், அதனால் நான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எங்களுக்குக் கிண்டல் பழக்கம்தான். கீழே இருந்து அணிகள் மேலே ஆட வந்தால் இரண்டாம் பாதியில் அவர்களுக்கு மூச்சு வாங்கும். ஏற்காடு ஐயாயிரம் அடி உயரம், பழக்கமில்லாதவர் முதல் பத்து நிமிடம் வேகமாக ஓடிவிட்டால் அப்புறம் தெரியும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விடுவார்களா? "அண்ணா, ஆம்புலன்ஸ் சொல்லவா? அண்ணா, காப்பித்தோட்டத்துல படுத்துக்கறீங்களா?" என்று கத்துவார்கள். போன தடவை வந்த கோலி (கோல்கீப்பர்) அவர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அடுத்த ஷாட்டைப் பாய்ந்து பிடித்தார். அதற்கும் எங்கள் பிள்ளைகள்தான் விசில் அடித்தார்கள்.

நேற்று நடந்தது அது இல்லை. "காட்டுவாசி", "தேன் எடுக்கப் போடா", குரங்கு மாதிரி சத்தம். நாங்கள் மலையாளி பழங்குடி. கேரளக்காரர்கள் என்று இன்னும் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இல்லை, இந்தச் சேர்வராயன் மலைக்காரர்கள். எங்கள் சாதிப் பெயரைச் சொல்லி, அதோடு சேர்த்து என் சித்தியையும் சொன்னார்கள். சித்தி எஸ்டேட்டில் வேலை செய்கிறவர். அவருக்கும் இந்த ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

முப்பதாயிரம் பேர் கத்தினால் அது இரைச்சல் என்று ஒருவர் சொன்னது சரிதான். ஐம்பது பேர் கத்தினால் ஐம்பது குரலும் தனித்தனியாகக் கேட்கும். முகமும் தெரியும். அதில் ஒருவர் எங்களிடம் மிளகு வாங்குகிறவர். மேலே வந்தால் "வாங்க தம்பி, அப்பா நல்லா இருக்காரா?" என்று கேட்பவர். நேற்று அவர் முன்வரிசை. மேட்ச் முடிந்து போகும்போது என்னைப் பார்த்துச் சாதாரணமாகத் தலையாட்டினார். அவருக்கு அது நடந்த மாதிரியே இல்லை. கயிற்றுக்கு உள்ளே நான் வேறு ஆள், வெளியே வந்தால் தெரிந்தவர் பையன். எனக்கு அப்படிப் பிரித்துக்கொள்ள வரவில்லை.

காசு வாங்கிக்கொண்டு ஆடுகிறவன் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று யாராவது சொல்வதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கொடுத்தது வண்டி வாடகை, ஆளுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம்.

மூக்கனேரி | திங்கள் காலை 11.40

எழுதியதற்கு நன்றி தம்பி. அவன் எப்படி இருக்கிறான்?

மலைக்காத்து | திங்கள் காலை 11.52

வேலைக்குப் போயிருக்கிறான். ஸ்டட்ஸ் ஷூவைக் கழுவி வைத்திருக்கிறான், அதனால் ஆடுவான் என்று நினைக்கிறேன்.

குகை வக்கீல் | திங்கள் பகல் 1.30

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் வைத்துக்கொள்வோம். ஏனென்றால் "இதற்கெல்லாம் கேஸ் போட முடியுமா" என்று கேட்டு யாரோ சிரிக்கப் போகிறார்கள்.

பொது இடத்தில் பிறருக்குத் தொந்தரவு தரும்படி ஆபாசமாகப் பேசுவது குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294(பி). தமிழ்நாட்டில் நான்கு எஃப்.ஐ.ஆர். படித்தவருக்கும் அந்த எண் மனப்பாடம். 2024 ஜூலையிலிருந்து அது புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 296. மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கால்பந்து மைதானத்துக்கு இதில் விலக்கு எதுவும் கிடையாது.

தம்பி எழுதியிருப்பது அதைவிடப் பெரியது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பிரிவு 3(1)(எஸ்). பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லி ஏசினால், ஏசியவர் அந்தப் பிரிவுகளைச் சேராதவராக இருந்தால், ஆறு மாதத்திலிருந்து ஐந்து ஆண்டு வரை. முன்ஜாமீனுக்கு அந்தச் சட்டமே கதவைச் சாத்தியிருக்கிறது. கயிறு கட்டிய மைதானத்தை விட "பொதுமக்கள் பார்வை" வேறு எங்கே இருக்கிறது? கேலரியில் நிற்பவர் இதை விளையாட்டாக நினைக்கிறார். வழக்கு வந்தால் அவர் நினைத்தது செல்லாது.

வெளிநாட்டிலும் இது சும்மா விடப்படுவதில்லை. இங்கிலாந்தில் 1991-இலேயே கால்பந்து மைதானக் குற்றங்களுக்குத் தனிச் சட்டம் போட்டார்கள். அதில் முதலில் ஒரு வேடிக்கையான ஓட்டை இருந்தது. கூட்டாகச் சேர்ந்து இனவெறிக் கோஷம் போட்டால்தான் குற்றம், தனி ஆளாகக் கத்தினால் தப்பித்துவிடலாம். 1999-இல் அதை அடைத்தார்கள். ஸ்பெயினில் 2023 மே மாதம் வலென்சியாவில் ரியல் மாட்ரிட் வீரர் வினீசியஸைக் குரங்கு என்று கத்திய மூன்று பேருக்கு 2024 ஜூனில் எட்டு மாதச் சிறைத் தண்டனையும், இரண்டு ஆண்டு மைதானத் தடையும் விதித்தார்கள். முதல் குற்றம் என்றால் அங்கே பொதுவாக உள்ளே போக வேண்டியதில்லை. ஆனாலும் கால்பந்து மைதானத்தில் பேசிய இனவெறிப் பேச்சுக்கு ஸ்பெயினில் வந்த முதல் தண்டனை அதுதான்.

ஜங்ஷன் கேலரி | திங்கள் மாலை 6.15

தம்பி, நேற்று நடந்தது தப்பு. அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. மிளகு வாங்குகிறவரை நான் நியாயப்படுத்தவில்லை.

ஆனால் இங்கே எல்லாரும் பேசுவதைப் பார்த்தால் இனி கேலரியில் "டேய்" என்றாலே எஃப்.ஐ.ஆர். என்கிற மாதிரி இருக்கிறது. மான்செஸ்டர் யுனைடெட் வீரர் கான்டோனாவை எடுங்கள். 1995-இல் ரெட் கார்டு வாங்கிக்கொண்டு வெளியே போகிறவரை ஒருவன் ஏசினான், அவர் வேலியைத் தாண்டி எகிறி உதைத்தார். எட்டு மாதம் தடை யாருக்கு? கான்டோனாவுக்கு. ரசிகன் கத்துவான், வீரன் தாங்குவான், உலகம் ஒப்புக்கொண்டது அதைத்தான். கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே கேலி பேசுகிறான், ராஜா வேஷக்காரர் கோபித்துக்கொண்டு இறங்கிப் போகிறாரா?

குகை வக்கீல் | திங்கள் மாலை 6.40

கான்டோனாவுக்கு 120 மணி நேரச் சமூக சேவை, சரி. ஏசியவரையும் நீதிமன்றத்தில் நிறுத்தி அபராதம் போட்டார்கள், மைதானத்துக்குள் வரத் தடையும் போட்டார்கள். அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

கட்டியங்காரன் ராஜாவின் வேஷத்தைக் கேலி பேசுவான். ஆடுகிறவரின் சாதியை இழுத்தால் கூத்து அங்கேயே நின்றுவிடும்.

சூரமங்கலம் அம்மா | திங்கள் இரவு 8.20

என் பெண் ஆடுகிறாள், எட்டாம் வகுப்பு. இங்கே எல்லாரும் ஆண்கள் ஆட்டத்தை வைத்தே பேசுகிறீர்கள், அதனால் நான் வருகிறேன்.

பெண் பிள்ளைகள் ஆட்டத்தில் கயிற்றோரம் நிற்கும் ஆண்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. பாஸ் தப்பாகக் கொடுத்தாள் என்று ஒருவராவது திட்டினால் சந்தோஷப்படுவேன். ட்ரவுசர் நீளம், ஓடும்போது உடம்பு, முடி வெட்டியிருந்தால் "பையனா பொண்ணா", இவ்வளவுதான். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை வென்று தேசிய சாம்பியன் ஆனார்கள், 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் ஆனார்கள். மணிப்பூரை அந்தப் போட்டியில் வெல்வது என்றால் என்ன என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண்கள் எல்லாரும் இப்படி ஒரு கயிற்றோரத்தைத் தாண்டித்தான் போயிருப்பார்கள்.

இன்னொரு விஷயம் சொன்னால் கோபப்படாதீர்கள். பிள்ளைகளை மிக மோசமாகத் திட்டுவது வெளி ஆள் இல்லை, பெற்றவர்கள்தான். "உனக்கு எதுக்குடி ஷூ வாங்கிக் கொடுத்தேன்?" என்று மைதானமே திரும்பிப் பார்க்கும்படி ஒரு அப்பா கத்துகிறார். அந்தப் பிள்ளைக்கு அதற்குப் பிறகு பந்து வந்தாலே பயம், யாரிடமாவது தள்ளிவிட்டால் போதும் என்று ஆகிவிடுகிறது. இங்கிலாந்தில் 2008-இல் மரியாதை இயக்கம் என்று ஒன்று தொடங்கி, சிறுவர் ஆட்டங்களில் பெற்றோர் நிற்கக் கோட்டிலிருந்து தள்ளித் தனித் தடுப்புக் கட்டுகிறார்கள். நம் ஊரில் நாற்காலியைக் கோட்டின் மேலேயே போட்டுக்கொள்கிறோம்.

ஜங்ஷன் கேலரி | திங்கள் இரவு 8.34

அக்கா, நீங்கள் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. பெண் பிள்ளைகள் ஆட்டத்துக்கு நான் போனதில்லை.

சூரமங்கலம் அம்மா | திங்கள் இரவு 8.36

வாங்க. டிக்கெட் கிடையாது, இலவசம்தான்.

பழைய கோலி | செவ்வாய் காலை 6.10

கோலியாக ஆடியவன் மற்றவர்களை விட அதிகம் கேட்டிருப்பான். ஃபார்வர்ட் ஓடிவிடுவான். நாங்கள் ஒரே இடத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, முழு நேரமும். கோல் வலைக்குப் பின்னால்தான் வேலையில்லாத கூட்டம் வந்து நிற்கும்.

என் அனுபவத்தில் ஒரு கணக்கு உண்டு. கத்துகிறவன் சொல்வதற்கு நான் அடுத்த பத்து நிமிடத்தில் கையாலோ காலாலோ பதில் சொல்ல முடியுமா? "கோலி, கையில வெண்ணெயா?" என்றால் அடுத்த பந்தைப் பிடித்துக் காட்டலாம். "கிராஸுக்கு வெளிய வரத் தெரியாதா?" என்றால் வெளியே வந்து குத்திக் காட்டலாம். உண்மையைச் சொன்னால் அதில் ஒரு சுகமும் உண்டு, கத்தினவன் வாய் மூடுவதைக் கேட்க முடியும். என் நிறத்துக்கு நான் எந்தப் பந்தைப் பிடித்துப் பதில் சொல்வது? செத்துப்போன அப்பாவைப் பற்றிச் சொன்னால் எந்த மூலைக்குப் பாய்வது? அங்கே ஆட்டம் முடிந்துபோகிறது. அதற்குப் பிறகு வலைக்கு முன்னால் நிற்பது வெறும் உடம்பு.

திட்டினால்தான் வெறி வந்து நன்றாக ஆடுவான் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அப்படி ஆடுகிற ஓரிருவரை டிவியில் பார்த்துவிட்டுச் சொல்வது. ஆடாமல் நின்றுபோனவர்கள் டிவியில் வருவதில்லை.

வாய்ப்பேச்சு வாயோடு நிற்கும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. கொலம்பிய வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார் 1994 உலகக் கோப்பையில் தன் அணி வலைக்குள்ளேயே செல்ஃப் கோல் போட்டார், ஊர் திரும்பிய பத்து நாளுக்குள் மெடலினில் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்கள் அந்தக் கோலைச் சொல்லித்தான் ஏசினார்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பின்னணியில் சூதாட்டமும் போதைப்பொருள் கும்பலும் இருந்தன என்பார்கள், இருக்கட்டும். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். 2024 மார்ச்சில் மலப்புரம் அரீக்கோட்டில் ஒரு செவன்ஸ் ஆட்டத்தில் ஐவரி கோஸ்ட் வீரரைக் கூட்டம் துரத்தித் துரத்தி அடித்த வீடியோவைப் பார்த்தோமே. நிறத்தைச் சொல்லி ஏசினார்கள், கல்லெறிந்தார்கள் என்று அவர் போலீசில் புகார் கொடுத்தார். கால்பந்தை உயிராக நினைக்கிற ஊர் அது. நம்மை விட நூறு மடங்கு ஆட்டம் தெரிந்த ரசிகர்கள்.

சேலம் டூ சென்னை | செவ்வாய் காலை 9.15

கோலி அண்ணன் கணக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் முழுசாக ஒத்துவரவில்லை. "குண்டா, ஓடுடா" என்றால் அது எந்தப் பக்கம்? உடம்பைக் குறைக்கலாம், பத்து நிமிடத்தில் முடியாதே. போன வருஷம் எங்களை விட்டு எதிரணிக்குப் போனவனை "துரோகி" என்று கத்துகிறோம். அதற்கும் அவன் பதில் சொல்ல முடியாது. அதையும் விட்டுவிடச் சொல்வீர்களா? என்னால் முடியாது.

பழைய கோலி | செவ்வாய் காலை 9.50

துரோகி என்று கத்துங்கள். அவன் எடுத்த முடிவுக்கு அவன்தான் பொறுப்பு. அவன் பிறந்த ஊருக்கு அவன் பொறுப்பு இல்லை. குண்டனைப் பற்றி எனக்கும் தெளிவில்லை, நானே குண்டன்.

விசில் | செவ்வாய் பகல் 12.45

சரி, என்ன செய்யலாம் என்று யாராவது பேசுங்கள். நான் ஆரம்பிக்கிறேன்.

ரெஃப்ரிக்கு அதிகாரம் இல்லை என்று சொல்வது தவறு. ஆட்டவிதி 5-இன்படி வெளியிலிருந்து தொல்லை வந்தால் ஆட்டத்தை நிறுத்தலாம், இடைநிறுத்தலாம், கைவிடவும் செய்யலாம். ஃபிஃபா இதை மூன்று படியாக வைத்திருக்கிறது. முதலில் நிறுத்தி மைக்கில் எச்சரிக்கை. தொடர்ந்தால் வீரர்களை உள்ளே அழைத்துக்கொண்டு போய்க் கொஞ்ச நேரம் காத்திருப்பது. அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டம் ரத்து. 2024-இலிருந்து வீரர்கள் இரண்டு கைகளையும் மணிக்கட்டில் குறுக்கே வைத்துக் காட்டினாலே நடுவர் அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று சைகையும் கொண்டுவந்தார்கள். அதற்கெல்லாம் முன்பே, 2013 ஜனவரியில் இத்தாலியில் ஒரு நட்பு ஆட்டத்தில் மிலன் வீரர் கெவின் பிரின்ஸ் போட்டெங் கேலரியின் இனவெறிக் கூச்சல் தாங்காமல் பந்தைக் கேலரிப் பக்கம் உதைத்துவிட்டு வெளியே நடந்தார். மிலன் அணி முழுக்க அவர் பின்னால் போனது.

விதி இருக்கிறது. ஆனால் நம் ஊரில் என்ன நடக்கும்? ஒருமுறை ஒரு போட்டியில் நான் நிறுத்தினேன். மைக்கில் சொல்லச் சொன்னேன். கோப்பைக்குப் பணம் கொடுத்த பெரிய மனிதர் மேடையிலிருந்து இறங்கி வந்து, "எங்க பசங்களைப் பத்தி மைக்ல சொல்லுவியா? விசிலை வாயில வெச்சுட்டு ஆட்டத்தை நடத்து" என்றார். நடத்தும் குழு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அடுத்த போட்டிக்கு என்னைக் கூப்பிடவில்லை. புதிதாக வரும் ரெஃப்ரி பையன்கள் இரண்டு ஞாயிறு இப்படிப் பார்த்தால் மூன்றாவது ஞாயிறு வருவதில்லை. அப்புறம் ரெஃப்ரியிங் சரியில்லை என்று நீங்களே எழுதுவீர்கள்.

மூக்கனேரி | செவ்வாய் பகல் 1.20

பெரிய சட்டமெல்லாம் வேண்டாம், சின்னதாக இரண்டு. கயிற்றைக் கோட்டிலிருந்து நான்கைந்து அடி தள்ளிக் கட்டலாம். மைக் பிடிப்பவரிடம் முன்பே பேசி வைக்கலாம். நம் மைக்காரர்கள் வாய்ச்சாலகர்கள். "சிவப்புச் சட்டை அண்ணா, ஆட்டத்தைப் பத்தி ஏதாவது சொல்லுங்க" என்று ஒருதடவை பெயர் வைத்துச் சொன்னால் கூட்டமே திரும்பிச் சிரிக்கும். போலீசை விட அதற்கு மதிப்பு அதிகம்.

குகை வக்கீல் | செவ்வாய் பகல் 1.44

மைக்காரரே உள்ளூர் அணிக்குக் கத்துகிற ஆளாக இருந்தால்?

மூக்கனேரி | செவ்வாய் பகல் 1.46

அதுதான் பிரச்சினை. ஞாயிற்றுக்கிழமை மைக் பிடித்தவர் "மலை டீம் மரத்துல ஏறாம இருந்தா சரி" என்று அவரே ஒன்று சொன்னார். கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது.

ஜங்ஷன் கேலரி | செவ்வாய் இரவு 9.05

இரண்டு நாளாக யோசித்துவிட்டு வருகிறேன். என் நிலையை மாற்றவில்லை. ரசிகன் என்றால் கத்துவான், எதிரணிக்கு மைதானத்தை நரகம் ஆக்குவான், அது அவன் வேலை. மேளம் கொண்டுவரலாம், பறை கொண்டுவரலாம், கார்னர் அடிக்கிறவன் காதுக்குள் முழங்கலாம். அதையும் மரியாதைக் குறைவு என்று யாராவது சொன்னால் அவரோடு நான் சண்டை போடுவேன்.

அந்த மிளகு அண்ணாச்சி மாதிரி ஆட்கள் பக்கத்தில் நின்றால் இதுவரை நான் தள்ளிப் போய் நின்றுகொள்வேன். இனி தள்ளிப் போவதா, வாயைத் திறந்து சொல்வதா என்பதுதான் எனக்குள்ளே ஓடுகிறது. சொன்னால் அடி விழும் என்பதும் தெரியும். இங்கே தைரியமாக எழுதுகிறவர்களில் எத்தனை பேர் ஞாயிற்றுக்கிழமை அங்கேயே சொன்னீர்கள்?

மலைக்காத்து | செவ்வாய் இரவு 9.22

அண்ணா, வர்ற ஞாயிறு மேலே எங்கள் கிரவுண்டில் ஃப்ரெண்ட்லி இருக்கிறது. கீழே இருந்து ஓர் அணி வருகிறது. பறையோடு வாங்க. எங்களுக்கு எதிராகவே அடிங்க.

விசில் | செவ்வாய் இரவு 9.40

அந்த ஆட்டத்துக்கு நான்தான் ரெஃப்ரி. லைன்ஸ்மேன் ஒருவர் குறைகிறார். இங்கே இவ்வளவு எழுதியவர்களில் யாராவது கொடி பிடிக்க வருகிறீர்களா?

ஜங்ஷன் கேலரி | செவ்வாய் இரவு 9.43

எனக்கு முட்டி வலி. நான் பறைக்கு வருகிறேன்.

சூரமங்கலம் அம்மா | செவ்வாய் இரவு 10.01

நான் வருகிறேன். பெண்ணையும் கூட்டிக்கொண்டு வருவேன். ஆஃப்சைடு மட்டும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

விசில் | செவ்வாய் இரவு 10.04

நாம் ஆடுகிற செவன்ஸில் ஆஃப்சைடே கிடையாதுங்க அம்மா. பந்து கோட்டைத் தாண்டினால் கொடியைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். காலை ஏழு மணிக்கு ஏற்காடு பஸ்ஸில் ஏறிவிடுங்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.